இத்தாலி டின்னருக்கு லோன் எடுக்கலாமா? பாகூரிலிருந்து ஒரு மதியத்தின் கணக்கு



நம்ம சேனல் பார்க்கிற ஒரு நண்பர் போன டிசம்பரில் ஒரு மெயில் அனுப்பியிருந்தார். வயசு 28. சொந்த ஊர் புதுச்சேரியில் பாகூர் பக்கம். சென்னை ஓஎம்ஆரில் வேலை. பிடித்தம் எல்லாம் போக மாதம் 62,000 ரூபாய் கைக்கு வருது. அவர் கேட்டது இதுதான்: "சார், அப்பா, அம்மா, தங்கச்சியைக் கூட்டிக்கிட்டு இத்தாலி போகணும். ஃபிளாரன்ஸ் வீடியோ ஒண்ணு பார்த்தேன். ஒரு குடும்பம் மதியம் முழுக்க மெதுவா ஊரைச் சுத்திப் பார்த்துட்டு, ராத்திரி தெருவோர ரெஸ்டாரன்ட்ல உட்கார்ந்து சாப்பிடறாங்க. யாருக்கும் அவசரம் இல்ல. எங்க வீட்ல அப்படி ஒரு நாள் கூட இருந்ததில்ல. 5 லட்சம் பர்சனல் லோன் எடுக்கலாமா?"

இந்தக் கேள்விக்கு "எடுக்காதீங்க" என்று ஒரே வரியில் பதில் போட்டுவிடலாம். ஆனா அந்த மெயிலில் இருந்த ஒரு வரி என்னை யோசிக்க வைத்தது. "எங்க வீட்ல அப்படி ஒரு நாள் கூட இருந்ததில்ல." இது லோன் பற்றிய கேள்வி மட்டும் இல்லை என்று தெரிந்தது. அதனால் போனில் பேசினோம். அவர் அனுமதியோடு, பெயர் சொல்லாமல், அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன். உங்களில் பல பேருக்கு இது உங்க வீட்டுக் கணக்காகவும் இருக்கலாம்.

முதல்ல லோன் கணக்கைப் பார்த்துடலாம்

5 லட்சம் பர்சனல் லோன், 14% வட்டி, 36 மாதம். இஎம்ஐ 17,089 ரூபாய். மூன்று வருஷத்தில் மொத்தம் கட்டுவது சுமார் 6.15 லட்சம். அதாவது வட்டி மட்டும் 1.15 லட்சம். பிராசஸிங் கட்டணம், அதுக்கு ஜிஎஸ்டி எல்லாம் தனி. 62,000 சம்பளத்தில் 17,089 என்பது கிட்டத்தட்ட 28%. சென்னை வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக, மிச்சம் என்ன இருக்கும்னு நீங்களே பாருங்க.

இப்போ அதே பயணத்தை சேர்த்து வைத்துப் போனால்? வங்கியில் மாதம் 12,500 ரூபாய் ஆர்டி, 36 மாதம், 6.5% வட்டி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முடிவில் கையில் சுமார் 4.98 லட்சம். (வட்டிக்கு உங்க ஸ்லாப்படி வரி உண்டு, மறக்காதீங்க.)

அதே 5 லட்சம், அதே 36 மாதம். கடன் வாங்கினால் மாதம் 17,089. சேர்த்தால் மாதம் 12,500. வித்தியாசம் மாதம் 4,589 ரூபாய். இந்த 4,589 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறது.

5 லட்சத்தில் அந்த மதியம் எவ்வளவு?

அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி: "இந்த 5 லட்சத்துல, நீங்க ஆசைப்பட்ட அந்த மதியமும் டின்னரும் மட்டும் எவ்ளோ ஆகும்?"

அவர் போட்ட பட்ஜெட்டையே பிரித்தோம். பெரும்பங்கு விமான டிக்கெட். அடுத்தது ஹோட்டல். ஷெங்கன் விசா கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு ஆளுக்கு 90 யூரோ. நான்கு பேருக்கு 360 யூரோ. கணக்குக்கு ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்தாலே 36,000 ரூபாய். விசா கிடைக்கலைன்னா அது திரும்ப வராது. விசா சென்டரின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு காட்டணும், அதற்கு பிரீமியம். ஊருக்குள் தங்கினால் இரவுக்கு ஆளுக்கு இத்தனை யூரோ என்று சுற்றுலா வரி.

கடைசியில் நான்கு பேர் ஒரு சாதாரண ரெஸ்டாரன்ட்டில் சாப்பிட அவர் ஒதுக்கியிருந்தது 120 யூரோ, அதாவது 12,000 ரூபாய். ஐஸ்க்ரீம், காபி, ஒரு மியூசியம் என்று சேர்த்தாலும் 20,000 தாண்டாது. மிச்சம் 4.8 லட்சம் எதுக்கு? அங்கே போய்ச் சேர்வதற்கும், மற்ற நாட்களில் தங்குவதற்கும்.

இதனால் இத்தாலி போகக்கூடாது என்று சொல்ல வரலை. ஃபிளாரன்ஸில் இருப்பது ஃபிளாரன்ஸில்தான் இருக்கு. ஆனா அவருக்கு வேண்டியிருந்தது ஓவியமும் சிற்பமும் இல்லை. அப்பா அம்மாவோட அவசரமில்லாத ஒரு மதியம். அது வேறு பொருள். அதற்கு வேறு விலை.

டவுனுக்கு நாற்பது வருஷமா வர்ற அப்பா

இரண்டாவது கேள்வி கேட்டேன். "உங்க அப்பா பாண்டி பீச் ரோட்ல கடைசியா எப்போ நடந்தார்?"

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார். "அப்பா விவசாயி சார். நாற்பது வருஷமா டவுனுக்கு வந்துட்டுதான் இருக்கார். தட்டாஞ்சாவடி மார்க்கெட் கமிட்டிக்கு நெல் கொண்டு வருவார். ஆஸ்பத்திரி, பத்திர ஆபீஸ், கோர்ட்டுனு வருவார். வேலை முடிஞ்சதும் பஸ் பிடிச்சுடுவார். ஒயிட் டவுன்ல ஒரு கடைல உட்கார்ந்து சாப்பிட்டதே இல்ல."

பாகூருக்கும் கடற்கரைக்கும் சுமார் 20 கிலோமீட்டர். வில்லியனூர் என்றால் 10 கிலோமீட்டர்தான். வார இறுதி ஆனால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் இந்த ஊருக்கு வண்டி வண்டியாக வருகிறார்கள். அவர்களுக்கு அரிசி விளைவித்த ஆளுக்கு அந்தத் தெருவில் உட்கார ஒரு மதியம் கிடைக்கலை. காசு இல்லாததால் மட்டும் இல்லை. "அது நமக்கான இடம் இல்ல" என்ற எண்ணமும், யாரும் கூப்பிடாததும்தான் காரணம்.

இன்னொன்றும் கேட்டேன். அப்பாவுக்கு என்ன வயசு? 61. முழங்கால் வலி ஆரம்பித்திருக்கிறது. ஆர்டி முடிய 36 மாதம். பணம் 36 மாதத்தில் வளரும், முழங்கால் அப்படி இல்லை. ஒரு சி.ஏ.வா சொல்கிறேன், பேலன்ஸ் ஷீட்டில் வராத தேய்மானம் இது.

அதனால் ஒரு யோசனை சொன்னேன். இத்தாலிக்கு ஆர்டி போடுங்க, அது ஓடட்டும். அதுவரைக்கும் சும்மா காத்திருக்காதீங்க. நீங்க வீடியோவில் பார்த்த அதே மதியத்தை, அதே வரிசையில் இங்கேயே ஒரு தடவை நடத்திப் பாருங்க. செலவை மட்டும் பைசா விடாமல் எழுதி எனக்கு அனுப்புங்க.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஜனவரியில் ஒரு ஞாயிறு மதியம் 2 மணிக்கு நான்கு பேரும் பாகூரிலிருந்து கிளம்பியிருக்கிறார்கள். தெரிந்தவர் ஒருவரின் காரை டிரைவரோடு வாடகைக்குப் பேசிக்கொண்டார். "நான் ஓட்டியிருந்தா ரோட்டைத்தான் பார்த்திருப்பேன், அப்பாகிட்ட பேசியிருக்க மாட்டேன்" என்பது அவர் சொன்ன காரணம். எனக்குப் பிடித்திருந்தது.

கரிக்கலாம்பாக்கம் வழியாக வில்லியனூர். மதிய நேரத்தில் சிவன் கோயில் நடை சாத்தியிருக்கும். அதனால் முதலில் லூர்து மாதா கோயில். 1877ல் கட்டப்பட்டது. பிரான்ஸில் லூர்து நகரில் இருக்கும் மாதாவை நினைத்து எழுந்த கோயில். இந்துக்கள், கிறிஸ்தவர்கள் என்று பார்க்காமல் எல்லோரும் வருகிற இடம். எதிரே படிக்கட்டோடு ஒரு குளம். அம்மா ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுக் குளத்துப் படியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். "என்ன வேண்டிக்கிட்டீங்க?" என்று தங்கச்சி கேட்டதற்கு, "ஒண்ணும் வேண்டிக்கல, சும்மா உட்கார்ந்தேன்" என்றாராம்.

அங்கிருந்து ஊசுட்டேரி. புதுச்சேரியின் மிகப் பெரிய ஏரி. கொஞ்சம் புதுச்சேரியிலும் கொஞ்சம் தமிழ்நாட்டிலும் இருக்கிறது. 2008ல் புதுச்சேரி அரசு தன் பக்கத்தை சரணாலயமாக அறிவித்தது. ஜனவரி என்றால் வெளியூர்ப் பறவைகள் வந்திருக்கும் நேரம். அப்பா பறவையைப் பார்க்கவில்லையாம். தண்ணீர் மட்டத்தைப் பார்த்து, பாகூர் ஏரியோடு ஒப்பிட்டு, மதகு, வாய்க்கால் என்று பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். பாகூர் ஏரி புதுச்சேரியின் இரண்டாவது பெரிய ஏரி. அந்தத் தண்ணியில் விளைந்த நெல்லில்தான் இவர் படித்தார். "எங்க அப்பா இவ்ளோ பேசுவார்னு எனக்குத் தெரியாது சார்" என்றார் நண்பர்.

சாயங்காலம் நடை திறந்ததும் மறுபடி வில்லியனூர் வந்து திருக்காமீசுவரர் கோயில். சோழர் காலத்துக் கோயில், அம்மன் கோகிலாம்பிகை. இங்கே தேர்த் திருவிழாவில் ஆளுநர் வந்து வடம் பிடிப்பது பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலிருந்தே வழக்கம். சின்ன வயசில் அப்பா தோளில் உட்கார்ந்து அந்தத் தேரைப் பார்த்தது தங்கச்சிக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

ஆறு மணிக்குக் கடற்கரை. சாயங்காலம் 6 மணியிலிருந்து காலை 7.30 வரை பீச் ரோட்டில் வண்டி விடமாட்டார்கள். ரோடு முழுக்க நடப்பவர்களுக்குத்தான். இத்தாலியர்கள் சாயங்காலம் குடும்பத்தோடு தெருவில் மெதுவாக நடப்பதற்கு 'பாஸ்ஸெஜாத்தா' என்று தனியாக ஒரு வார்த்தையே வைத்திருக்கிறார்கள். எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லை, நடக்கணும், தெரிந்தவரைப் பார்த்தால் நின்று பேசணும், அவ்வளவுதான். நம்ம ஊர் பீச் ரோட்டில் தினமும் நடப்பதும் அதுதான், டிக்கெட் கிடையாது. காந்தி சிலை, 1836ல் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம், பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் என்று நடந்து, சுண்டல் வாங்கி, தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஏழரைக்கு ஒயிட் டவுனில் ஒரு இத்தாலியன் ரெஸ்டாரன்ட். வாசலில் அப்பா தயங்கியிருக்கிறார். "வேட்டியோட உள்ள விடுவாங்களா?" விட்டார்கள். மெனு கார்டைப் பார்த்ததும் அடுத்த தயக்கம், விலை. தங்கச்சி கார்டை வாங்கி மூடி வைத்துவிட்டு ஆர்டர் சொல்லியிருக்கிறாள். பாஸ்தா வந்தது. இது எதுல செஞ்சதுன்னு கேட்டிருக்கிறார். கோதுமை என்றதும், "கோதுமையைப் போட்டு இவ்ளோ பாடு படுத்தியிருக்காங்களே" என்றாராம். ஆனா தட்டைக் காலி பண்ணிவிட்டார். அம்மாவுக்குப் பீட்சா பிடிக்கவில்லை. வறுத்த மீன் பிடித்தது.

பில் வந்தது: இங்கே கவனிங்க

சாப்பாடு: பீட்சா இரண்டு 760, பாஸ்தா இரண்டு 810, மீன் 490. மொத்தம் 2,060 ரூபாய். ஆனா பில்லில் வந்தது இப்படி:

சாப்பாடு 2,060
சர்வீஸ் சார்ஜ் 10%: 206
சிஜிஎஸ்டி 2.5%, எஸ்ஜிஎஸ்டி 2.5%: 113.30
மொத்தம்: 2,379.30

இதில் மூன்று விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, சர்வீஸ் சார்ஜ் வரி இல்லை. அரசாங்கத்துக்குப் போகும் பணமும் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஹோட்டலோ ரெஸ்டாரன்ட்டோ இதைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது. இதை எதிர்த்து ரெஸ்டாரன்ட் சங்கங்கள் போட்ட வழக்குகளை 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நீங்க செய்ய வேண்டியது, மரியாதையா "சர்வீஸ் சார்ஜை எடுத்துடுங்க" என்று கேட்பது. மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

இரண்டு, சர்வீஸ் சார்ஜுக்கு மேலேயும் ஜிஎஸ்டி ஏறுகிறது. 2,060க்கு 5% என்றால் 103 ரூபாய்தான். 206 சேர்ந்ததால் 113.30 ஆனது. சின்னத் தொகைதான், ஆனா எங்கிருந்து வந்தது என்று தெரியணும்.

மூன்று, விகிதம். சாதாரண ரெஸ்டாரன்ட்டுக்கு ஜிஎஸ்டி 5%. ஏசி இருக்கிறதா இல்லையா என்பது பொருட்டில்லை. ஆனா ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் ஹோட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரன்ட் என்றால் 18%. ஒயிட் டவுனில் பழைய பிரெஞ்சு வீடுகள் பல ஹெரிடேஜ் ஹோட்டலாக மாறியிருக்கின்றன. அதனால் உட்காரும் முன்னாடி இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. 2,060க்கு 18% என்றால் 371 ரூபாய்.

(ஒரு சின்னத் தகவல்: யூனியன் பிரதேசமாச்சே, யுடிஜிஎஸ்டி தானே வரணும் என்று சிலர் கேட்பாங்க. புதுச்சேரிக்குச் சட்டமன்றம் இருப்பதால் இங்கே எஸ்ஜிஎஸ்டிதான். பில் சரி.)

நண்பர் கேட்டதும் அவர்கள் சர்வீஸ் சார்ஜை எடுத்துவிட்டார்கள். புது பில் 2,163 ரூபாய். பரிமாறிய தம்பி நன்றாகக் கவனித்ததால் 100 ரூபாய் டிப் தனியாகக் கையில் கொடுத்திருக்கிறார். அப்படித்தான் இருக்கணும். டிப் என்பது நீங்க விரும்பிக் கொடுப்பது.

அப்போ இத்தாலியில் பில் எப்படி?

ஒருநாள் போகத்தானே போறீங்க, அதனால் இதையும் சொல்லிடறேன். அங்கே மெனுவில் போட்டிருக்கும் விலையிலேயே வரி சேர்ந்திருக்கும். நம்ம ஊர் மாதிரி கடைசியில் தனியாக ஏறாது. ஆனா பல ஊர்களில் 'கொப்பெர்த்தோ' என்று ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ போடுவார்கள். மேசை விரிப்பு, ரொட்டி, உட்காரும் இடத்துக்கான கட்டணம் மாதிரி. மெனு கார்டில் அச்சிட்டிருந்தால் அது அங்கே வழக்கமான ஒன்று, ஏமாற்று இல்லை. வெனிஸ் நகரம் 2024லிருந்து குறிப்பிட்ட நாட்களில் ஒரு நாள் பயணிகளிடம் நுழைவுக் கட்டணமே வாங்குகிறது.

கார்டு தேய்க்கும்போது "ரூபாயில் கட்டறீங்களா, யூரோவிலா?" என்று மெஷின் கேட்கும். எப்பவும் யூரோ என்றே அழுத்துங்க. ரூபாய் என்றால் அந்த மெஷின்காரர் வைக்கும் மாற்று விகிதத்தில் நஷ்டம். யூரோவில் கட்டினாலும் பல கிரெடிட் கார்டுகளில் 2 முதல் 3.5% வரை ஃபாரக்ஸ் மார்க்கப், அதற்கு மேல் 18% ஜிஎஸ்டி. மார்க்கப் இல்லாத கார்டுகளும் இருக்கின்றன, கிளம்பும் முன்னாடியே பார்த்து வைத்துக்கொள்ளுங்க.

டூர் பேக்கேஜ் வாங்கினால் டிசிஎஸ் பிடிப்பார்கள். அது செலவு இல்லை, முன்கூட்டியே கட்டும் வரி. ரிட்டர்னில் கிளெயிம் செய்யலாம். 2024 அக்டோபரிலிருந்து சம்பளக்காரர்கள் அந்த விவரத்தை ஆபீஸில் கொடுத்து சம்பள டிடிஎஸ்ஸிலேயே சரிக்கட்டவும் வழி இருக்கு. ஆனா அதுவரை உங்க கையிலிருந்து போன பணம்தான், பட்ஜெட்டில் சேர்த்து வைங்க.

எல்டிஏ கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: வெளிநாட்டுப் பயணத்துக்குக் கிடையாது. இந்தியாவுக்குள் மட்டும், பழைய வரி முறையில் மட்டும், நான்கு வருஷ ப்ளாக்கில் இரண்டு பயணம், அதுவும் போக்குவரத்துக் கட்டணத்துக்கு மட்டும். சாப்பாடு, தங்கல் சேராது.

மொத்தக் கணக்கு

நண்பர் அனுப்பிய எக்செல் ஷீட் இது:

கார் வாடகை (டிரைவர், பெட்ரோல் சேர்த்து): 1,800
மெழுகுவர்த்தி, அர்ச்சனை: 140
வழியில் டீ, வடை: 160
பீச்சில் சுண்டல், மாங்காய், ஐஸ்க்ரீம்: 340
இரவுச் சாப்பாடு: 2,163
டிப்: 100
மொத்தம்: 4,703 ரூபாய்

நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன எண் ஞாபகம் இருக்கா? 4,589. கடன் வாங்கி இத்தாலி போவதற்கும், சேர்த்து வைத்துப் போவதற்கும் இருக்கும் மாத வித்தியாசம். கிட்டத்தட்ட இந்த ஒரு மதியத்தின் விலை. அதாவது லோன் எடுத்திருந்தால், 36 மாதமும் இப்படி ஒரு மதியத்தின் விலையைக் கூடுதலாக வங்கிக்குக் கொடுத்திருப்பார்.

மாதா மாதம் போகச் சொல்லலை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போனால் வருஷத்துக்கு சுமார் 18,800. மாதத்துக்கு 1,570 ரூபாய். ஆர்டி 12,500ஐயும் சேர்த்தால் 14,070. அந்த இஎம்ஐயை விட 3,000 ரூபாய் குறைவு. இத்தாலியும் உண்டு, இடையில் பன்னிரண்டு மதியமும் உண்டு.

தனிக் கணக்கு ஏன் வேணும்?

"இதுக்கெல்லாமா தனி அக்கவுன்ட்?" என்று கேட்கலாம். பாகூர்க்காரர்களுக்கு இது புதுசு இல்லை. 9ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்தில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்காக மூன்று ஊர்களை ஒதுக்கிக் கொடுத்ததைப் பாகூர் செப்பேடுகள் சொல்கின்றன. அந்த ஊர்களின் வருமானம் படிப்புக்கு என்று செம்பில் வெட்டி வைத்தார்கள். ஏன்? பொதுப் பணத்தோடு கலந்தால், அவசரம் என்று ஒன்று வந்து அதை எடுத்துக்கொள்ளும். அது இன்றைய சேவிங்ஸ் அக்கவுன்டுக்கும் பொருந்தும்.

நம்ம வீட்டில் அவசரத்துக்குப் பஞ்சமே இல்லை. வண்டி சர்வீஸ், கல்யாண மொய், ஃபோன் ஸ்க்ரீன். பொதுக் கணக்கில் இருக்கும் பணத்தில் அப்பா அம்மாவோட ஒரு மதியம் என்பது எப்பவும் கடைசி வரிசையில்தான் நிற்கும். தனியாக ஒதுக்கினால்தான் அதற்கு முறை வரும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. முதலில் அவசர கால நிதி, அப்பா அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு. இந்த இரண்டும் இல்லாமல் எந்தப் பயணமும் வேண்டாம், வில்லியனூருக்கே ஆனாலும் சின்னதாகவே போங்க.

2. சம்பளம் வந்த மறுநாள் 1,500 அல்லது உங்களால் முடிந்த தொகை தனி ஆர்டிக்கோ, தனி சேவிங்ஸ் கணக்குக்கோ தானாகப் போகும்படி வைங்க. அந்தக் கணக்குக்கு ஏடிஎம் கார்டு, யுபிஐ எதுவும் இணைக்காதீங்க.

3. தேதியை முன்னாடியே குறிங்க. மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு. ஊருக்கு வர்ற ரெண்டு நாளில் ஒரு நாள் தூங்கி, ஒரு நாள் துணி துவைச்சு, ராத்திரி பஸ் ஏறுகிற கதை எல்லாருக்கும் தெரியும்.

4. வீட்டில் விலை சொல்லாதீங்க. மெனு கார்டை நீங்க வைத்துக்கொள்ளுங்க. பில்லை நீங்க படிங்க.

5. பெரிய பயணத்துக்குத் தனி ஆர்டி. வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குப் பர்சனல் லோனோ, கிரெடிட் கார்டு இஎம்ஐயோ வேண்டாம். திரும்பி வந்து மூன்று வருஷம் கட்டும்போது, போட்டோவைப் பார்த்தால் இஎம்ஐதான் ஞாபகம் வரும்.

பாகூர், வில்லியனூர்க்காரர்களுக்கு அடுத்த ஞாயிறுக்கு ஒரு ரூட்டும் சொல்லிடறேன். பாகூர் மூலநாதர் கோயில், சோழர் காலத்துக் கல்வெட்டுகளோடு, அடிப்பகுதியில் சின்னச் சின்ன நடனச் சிற்பங்களோடு இருக்கு. உள்ளூர்க்காரர்கள் பல பேர் கும்பிட்டுவிட்டு வந்திருப்போம், குனிந்து பார்த்திருக்க மாட்டோம். அங்கிருந்து ஏரிக்கரை. பிறகு கடலூர் ரோட்டில் வந்து அரியாங்குப்பத்துக்கு உள்ளே அரிக்கமேடு. பெரிய கட்டடம் எதையும் எதிர்பார்க்காதீங்க. ஆற்றங்கரையில் தோப்பும், பழைய சுவர்களும்தான். ஆனா 1945ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது கிடைத்த சிவப்புப் பளபளப்பு மண்பாண்டத் துண்டுகளுக்கு 'அரெட்டைன்' என்று பெயர். ஃபிளாரன்ஸுக்குத் தென்கிழக்கே இருக்கும் அரெஸ்ஸோ என்ற இத்தாலிய நகரத்தின் பெயரால் வந்தது. ஒயினும் ஆலிவ் எண்ணெயும் வந்த ஜாடிகளும் கிடைத்திருக்கின்றன. இத்தாலிச் சாப்பாட்டுத் தட்டு சுமார் 2,000 வருஷம் முன்னாடியே நம்ம ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்திருக்கு. இந்தியாவோடு நடந்த வியாபாரத்தில் ரோமாபுரிப் பணம் வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் வெளியே போகிறது என்று பிளினி அப்பவே புலம்பியிருக்கிறார். அந்தக் காலத்தில் செலவு அவங்களுது, வரவு நம்மளுது!

உங்க வீட்டிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் அப்பா அம்மா இதுவரை வேலைக்காக மட்டுமே போன ஒரு இடம் எது? சும்மா உட்கார ஒரு தடவை கூட்டிப் போக எவ்வளவு ஆகும்? கணக்குப் போட்டுக் கமென்ட்டில் எழுதுங்க. ரெஸ்டாரன்ட் பில்லை வரி வரியாக எப்படிப் படிக்கிறது என்பதை அடுத்த வீடியோவில் நிஜ பில்களோடு பார்க்கலாம். வரி விதிகள் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், அதனால் பெரிய தொகை கட்டும் முன்னாடி அன்றைய விதியை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்க.